உறுமியும் எண்ணூற்றெட்டும்

கோலாலம்பூரில் மின்னிசை எங்கே இருக்கிறது என்று கேட்டால் இரவு விடுதிகளைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். 2004-இல் ஜாலான் அம்பாங்கில் தொடங்கிய ஸூக், வெளிநாட்டு டிஜேக்கள் வந்துபோகும் திறந்தவெளி விழாக்கள், புக்கிட் பிந்தாங்கின் ஆட்டக்கூடங்கள் என்று அதற்கு ஒரு முகவரி உண்டு. ஆங்கில ஏடுகளில் அதைப் பற்றி எழுதியும் வந்திருக்கிறார்கள். அந்த எழுத்தில் தமிழர்கள் கூட்டத்தோடு கூட்டமாக ஆடுகிறவர்கள், அவ்வளவே. ஆனால் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாகப் பத்துமலை வரை நீளும் இதே பள்ளத்தாக்கில் தமிழர்கள் தங்கள் கையாலேயே ஒரு மின்னிசையை வளர்த்திருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துக் கீபோர்டிலும், அடுக்குமாடி வீட்டு அறைக் கணினியிலும், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் ஆளுயர ஸ்பீக்கர்களிலும் அது வளர்ந்தது. விடுதிகளில் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இந்த இசையின் கதையை ஒரே ஓர் ஓசையைப் பின்தொடர்ந்து சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். உறுமியின் இடப்பக்கத்திலிருந்து எழும் அந்த முனகல்தான் அது. மின்னிசைக் கருவிகள் நிலைத்த சுரங்களையும் சமமாக வெட்டிய காலக் கட்டங்களையும் கொண்டு வந்தன. தமிழ்க் காதுக்கோ சுரம் இழைய வேண்டும், தாளம் மும்மூன்றாக உருள வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மலேசியத் தமிழர்கள் என்ன செய்தார்கள் என்பதே இங்கே கேள்வி.

உறுமி வாசிப்பவரைப் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். இடை சிறுத்த மரக்கட்டை, இரு முகத்திலும் தோல், தோளில் மாட்டிய வார். வலக்கையில் உள்ள மெல்லிய குச்சி தோலை அடித்துக்கொண்டிருக்கும். இடக்கையில் உள்ள வளைந்த குச்சி அடிப்பதில்லை. தோலின் மேல் அழுந்தித் தேய்ந்து நகர்கிறது. குச்சி தோலோடு ஒட்டுகிறது, விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. வயலினில் வில் தந்தியின் மேல் செய்கிற வேலையும் இதுதான். கை அழுத்தம் கூடினால் ஓசை மேலே ஏறும், தளர்ந்தால் இறங்கும். பெரும்பாலான தோற்கருவிகளில் அடி விழுந்த கணத்திலேயே ஓசை அடங்கத் தொடங்கிவிடும். உறுமியிலோ, தேய்க்கும் கை நிற்கும் வரை ஓசை வளரும், வளையும், குரல்போலக் கெஞ்சும், அதட்டும். சாமி வந்து ஆடுகிறவரின் உடம்பை அது எப்படிப் பிடிக்கிறது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தோட்டத் தொழிலாளர்களோடு கடல் கடந்து வந்த கருவி இது. தமிழ்நாட்டில் கிராம தெய்வக் கொடைகளிலும் தேவராட்டத்திலும் ஒலித்த உறுமி, மலேசியாவில் காவடியின் உடன்பிறப்பாகிவிட்டது. பத்துமலையில் 1892-லிருந்து தைப்பூசம் நடக்கிறது. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடந்து மலையடிக்கு வந்து சேரும். 272 படிக்கட்டுகளை நோக்கிப் போகும் காவடிகளுக்கு முன்னும் பின்னும் உறுமி மேளக் குழுக்கள். குழுப் பெயர் அச்சிட்ட ஒரே நிறச் சட்டையோடு பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள்கூட மணிக்கணக்காக வாசிப்பார்கள். இசைப் பள்ளியின் வாசலை மிதிக்காத இந்தப் பையன்களின் கையில் தாளம் பற்றிய அறிவு எவ்வளவு நுட்பமாக இருக்கிறது என்பதை நம் கல்வியாளர்கள் இன்னும் உட்கார்ந்து கேட்கவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இந்த ஓசையை இயந்திரத்திடம் கேட்டால் என்ன ஆகும்? உலக மின்னிசையின் அடித்தளமாகிவிட்ட ரோலண்ட் டிஆர்-808 தாளப்பெட்டி 1980-இல் வந்தது, 1983-இல் நிறுத்தப்பட்டது. விற்றது சுமார் 12,000 பெட்டிகள்தான். அதன் பேஸ் டிரம் உண்மையில் ஒரு மின்சுற்று. தட்டிவிட்டால் 50 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்ந்து மெல்ல அடங்கும். அடங்கும் நேரத்தை நீட்டலாம், குறைக்கலாம். அந்த பேஸ் டிரம்மின் சுருதியை மாற்றப் பெட்டியில் திருகே கிடையாது. முன்பக்கத்தில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒரு தாளச் சுற்றை வழக்கமாக அந்தப் பதினாறு இடங்களில்தான் நிரப்ப வேண்டும். 1981-இல் வந்த டிபி-303 பேஸ் பெட்டியிலோ ஒரு வசதி இருந்தது: ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகலாம். அந்த வழுக்கலுக்கு ஆகும் நேரம் மட்டும் எப்போதும் ஒன்றுதான். கமகத்தில் கை தாமதிக்கிற இடமும் விரைகிற இடமும் அதற்குத் தெரியாது.

அந்தப் பெட்டிகளை முதலில் ராகத்துக்குத் திருப்பியவர் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரஞ்சித் சிங். 808, 303, ஜூபிடர்-8 சின்தசைசர் என்று மூன்றையும் வைத்து 1982-இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். ராகத்தின் இழைவை ஜூபிடரிடம் விட்டார். 303 கீழே சுழன்றுகொண்டே இருந்தது. அப்போது யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சிகாகோவில் 303-ஐ முன்னிறுத்தி 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகை பிறந்தது ஐந்தாண்டு கழித்துத்தான். 2010-இல் அந்த ரெக்கார்டு மறுபதிப்பு வந்தபோது உலகம் வியந்தது. மலேசிய வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது: 303-ஐ அவர் வாங்கியது சிங்கப்பூரில். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைக் கண்ணாடியில் அந்தப் பெட்டிகள் இருந்த அதே காலத்தில், இந்தப் பக்கம் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் லயத்து வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கருவி கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கைக்கு எட்டத்தான் இருபது ஆண்டு பிடித்தது.

இடையில் பாலமாக நின்றது கீபோர்டு. எல்லா மின்கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான மிடி ஏற்பாடு 1983-இல் வந்தது. சுரத்தை வளைக்கும் 'பிட்ச் பெண்ட்' பிடிக்கு அதில் 16,384 படிநிலைகள் உண்டு. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பிடி முழுதும் தள்ளினாலும் இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் வளையாதபடிதான் வைத்திருப்பார்கள். நம்மூர் இசைக்குழுக் கீபோர்டுக்காரர் புதுப் பெட்டியில் முதலில் மாற்றுவது இதைத்தான். வலக்கை சுரம் பிடிக்க, இடக்கை அந்தப் பிடியை விட்டு அகலாது. நாதஸ்வரம், புல்லாங்குழல், வீணை எல்லாம் அந்த இடக்கையில்தான் உயிர் பெறும். சென்னையில் கே. சத்யநாராயணன் இதே உத்தியில் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார். ஏ.ஆர். ரஹ்மான் 'டெல்லி-6' படத்துக்காகக் கட்டைகளே இல்லாத, விரலை வழுக்கி வாசிக்கிற கான்டினுவம் என்ற கருவிக்குப் போனார். இருவரும் தேடியது ஒன்றையே.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கல்யாண மண்டபங்களில் கீபோர்டோடு கூட வந்தது ரிதம் பேட். 1998-இல் வந்த ரோலண்ட் எஸ்பிடி-20 போன்ற பேடில் எட்டுத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தபேலாவோ டோலக்கோ தவிலோ குடியிருக்கும். நான்கு கலைஞர்களும் ஒரு வேனும் தேவைப்பட்ட இடத்தில் ஒருவரும் ஒரு பையும் போதும் என்றாயிற்று. இதனால் பிழைப்பு இழந்த தோற்கருவிக் கலைஞர்களை மறந்துவிட்டு இந்த மாற்றத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனாலும் தமிழ்த் தாளத்தை மின்கருவியில் வாசிக்கப் பழகிய ஒரு தலைமுறையை அந்தப் பேட்தான் உருவாக்கியது என்பதையும் மறைக்க முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் சின்ன ஆம்ப்ளிஃபையரோடு கீபோர்டு வாசித்துப் பாடும் பார்வையற்ற கலைஞர்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அதே வட்டாரத்தில், 1981-இல் நிறுவப்பட்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பாட்டும் நடனமும் கற்பிக்கிறார்கள். மின்னணுச் சுருதிப்பெட்டி இல்லாத பாட்டு வகுப்பு இன்று எங்கும் அரிது. அது மின்னணுக் கருவி என்ற நினைவே யாருக்கும் இல்லை. பழகிவிட்டால் இயந்திரமும் மரபுக்குள் வந்துவிடும்.

1980களிலும் 90களிலும் பூச்சோங், சுபாங், ஷா ஆலாம், கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்துக் கோயில் மேடையும் திடலும் போயின. மக்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் பிறகு அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். இந்தப் பெயர்ச்சியால் வேலை என்ன ஆயிற்று, பள்ளி என்ன ஆயிற்று, வன்முறை எப்படிப் பெருகிற்று என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஓசைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. லயத்தில் உறுமி அடித்தால் அது ஊர்ச் சத்தம். மெல்லிய சுவர் கொண்ட அடுக்குமாடியில் அடித்தால் காவல் நிலையத்துக்குப் புகார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கணினியில் தாளம் கட்டும் பழக்கம் தமிழ்ப் பிள்ளைகளிடம் வேரூன்றியதற்கு இந்தச் சுவரும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இடம்பெயர்ந்த அந்தத் தலைமுறையின் கதையைச் சொன்ன படம் ஷாஞ்சே குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015). மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான அந்தத் தமிழ்ப் படத்துக்கு இசை தந்தவர் கமால் சப்ரான். கம்புஸ் என்ற மலாய்த் தந்திக்கருவியையும் மின்னொலியையும் கலந்து சோதனை செய்யும் ஸ்பேஸ் கம்புஸ் எக்ஸ்பெரிமென்ட் குழுவைச் சேர்ந்தவர். தோட்டம் இழந்த தமிழனின் துயரத்துக்கு ஒரு மலாய் மின்னிசைக் கலைஞரின் ஓசை இவ்வளவு பொருத்தமாக அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த மண்ணின் ஓசைகள் ஒன்றுக்கொன்று அக்கம்பக்கத்தில்தான் வளர்ந்திருக்கின்றன.

கணினி வந்ததும் காலம் வேகமெடுத்தது. கோலாலம்பூரின் இம்பி பிளாசாவிலும், 1999-க்குப் பிறகு லோ யாட் பிளாசாவிலும் உதிரிபாகம் வாங்கிக் கணினி பூட்டிக்கொள்ள முடிந்தது. பெல்ஜியத்தில் 1997-இல் வெளிவந்த ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற மென்பொருள், 808-இன் பதினாறு பொத்தான்களைத் திரையில் கட்டங்களாக வரைந்து காட்டியது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், சி. லோகோ, லேண்ட்ஸ்லைட் நால்வரும் சேர்ந்த பொயட்டிக் அம்மோ என்ற ராப் குழு 1998-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டோனீஸ் என நான்கு மொழியும் அதில் ஒலித்தன. கோலாலம்பூர்க் கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நின்றால் காதில் விழும் மொழிகள்தான் அவை.

யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் 2006-இல் கொண்டுவந்த 'வல்லவன்' ஆல்பம் இந்தக் கதையின் திருப்பம். அதில் எல்லாரையும் பிடித்தது 'மடை திறந்து' என்ற பாட்டு. 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையமைத்தது அதன் மூலம். வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஓர் இளம் இசைக்கலைஞன், தன் இசை உலகை ஆளப்போவதாகக் கனவு கண்டு பாடுவது. அந்தப் பாட்டையே தேர்ந்தெடுத்துப் புதுத் தாளத்தின் மேல் ஏற்றியதில் எனக்கு ஒரு பெரிய அர்த்தம் தெரிகிறது. தமிழ்நாட்டுச் சினிமாவை ஐம்பது ஆண்டாகக் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஊர், முதன்முறையாக அந்தச் சினிமாவின் ஒலியை வெட்டி ஒட்டித் தன் குரலில் திருப்பி அனுப்பியது. சென்னை அதைக் கேட்டது. 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. 2017-இல் அனிருத்தின் 'சர்வைவா'விலும் அவர் இருந்தார். தமிழ்நாட்டின் ஹிப்ஹாப் தமிழா குழுவின் முதல் ஆல்பம் 2012-இல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்தால், யார் யாருக்கு முன்னோடி என்பது தெளிவாகும். பிரிக்ஃபீல்ட்ஸ் கேசட் கடைகள் காலங்காலமாகச் சென்னைச் சரக்கை இறக்குமதி செய்தவை. பாட்டு எதிர்த்திசையில் போனதை அந்தத் தெரு அதற்கு முன் அரிதாகவே கண்டிருக்கும்.

பாட்டு வரியையும் ராப்பையும் பற்றிப் பேசுகிறவர்கள் தாளத்தைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். காவடிச் சிந்தின் நடை பெரும்பாலும் திஸ்ரம். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் காலத்திலிருந்தே காவடி எடுப்பவரின் கால் மும்மூன்றாகத்தான் துள்ளுகிறது. மென்பொருளின் கட்டமோ ஒவ்வொரு அடியையும் நான்காக வெட்டி வைத்திருக்கிறது. அதை மூன்றாக மாற்ற வழி உண்டு. நான்கு பேஸ் அடிகளை நிறுத்திவைத்து ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்றை ஓடவிட்டால் கணக்கு சரியாகும். அப்போதும் சிக்கல் தீராது. உறுமிக்காரரின் மூன்று சமமான மூன்று அல்ல. முதலாவது சற்று நீளும், மூன்றாவது முந்திக்கொண்டு அடுத்த அடிக்குள் விழும். கூட்டம் சூடேற ஏற அந்த அளவும் மாறும். மென்பொருளில் 'குவான்டைஸ்' என்ற ஒரு கட்டளை உண்டு. விலகி நிற்கும் அடிகளையெல்லாம் கட்டத்துக்குள் இழுத்துப்போட்டுவிடும். உறுமிப் பதிவின் மேல் அதைப் போட்டுப் பாருங்கள்: ஓசை இருக்கும், ஆட்டம் செத்துவிடும். நல்ல தயாரிப்பாளர் உறுமியைத் தொடாமல் விட்டு, இயந்திரத்தின் அடிகளைக் கையால் ஒவ்வொன்றாக நகர்த்தி அதனோடு சேர்ப்பார். பொறுமையான, புகழ் தராத வேலை இது. தமிழ் மின்னிசையின் தரம் இந்த வேலையில்தான் அடங்கியிருக்கிறது.

தைப்பூசச் சாலையில் உறுமியும் ஸ்பீக்கரும் மோதிக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் ரீமிக்ஸ் பாட்டுகள் அதிர, நடுவே காவடியோடு உறுமி வரும். சினிமாப் பாட்டு வேண்டாம், பக்திப் பாட்டு மட்டும் போதும் என்று கோயில் நிர்வாகங்களும் இந்து அமைப்புகளும் திரும்பத் திரும்ப அறிவுறுத்துகின்றன. சிங்கப்பூர் இன்னும் கடுமையாக இருந்தது: 1973-லிருந்து ஊர்வலத்தில் நேரடி வாத்தியத்துக்கே தடை இருந்தது. 2015-இல் மேளம் வாசித்ததை ஒட்டி எழுந்த கைகலப்பில் மூவர் கைதாகி அது பெரிய விவாதமானது. மறு ஆண்டு வழியில் மூன்று இடங்களில் மட்டும் வாத்தியம் அனுமதிக்கப்பட்டது. ஸ்பீக்கர் சத்தம் வழிபாட்டைக் கெடுக்கிறது என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்பீக்கரையும் உறுமியையும் 'சத்தம்' என்ற ஒரே தலைப்பில் சேர்ப்பது அநியாயம். அளவிலும் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒலி அளக்க வழக்கமாகப் பயன்படும் 'ஏ' அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஓசையை ஏறத்தாழ 30 டெசிபல் குறைத்தே காட்டும். பந்தல் ஸ்பீக்கரின் பேஸ் நெஞ்சுக்கூட்டை அதிரவைத்தாலும் எண் சாதுவாக நிற்கும். உறுமியின் வலக்குச்சி எழுப்பும் கூர்மையான அடிக்கோ எண் துள்ளும். காதும் உடம்பும் உணர்வதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்து விதி எழுதினால், எந்திரம் தப்பித்துக்கொள்ளும், மனிதக் கை மாட்டிக்கொள்ளும்.

இன்றைய பிள்ளைகளின் கையில் 808 வேறு பிறவி எடுத்துவிட்டது. பழைய பெட்டியின் பேஸ் டிரம்முக்கு இல்லாத சுருதித் திருகு மென்பொருளில் இருக்கிறது. லண்டன் டிரில் ராப் பாட்டுகளில் பேஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி இறங்குவதைக் கேட்டு உலகமே அதைப் பின்பற்றுகிறது. கிள்ளான் பையனுக்கு அது புதிதே அல்ல. அவன் அண்ணன் தோளில் தொங்கிய கருவி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஆகவே இரண்டையும் ஒரே பாட்டில் சேர்க்கும் ஆசை இயல்பாக வருகிறது. சேர்க்கும்போதுதான் தெரிகிறது, இரண்டும் ஒரே கீழ்த்தளத்தில் இடம் கேட்கின்றன என்று. 808-இன் அடித்தொனி நீண்டு கிடந்தால் உறுமியின் முனகல் அதற்குள் அமிழ்ந்துபோகும். இரண்டையும் உயர்த்தினால் ஸ்பீக்கரில் குழம்பும். ஒலிப்பதிவிலும் கவனம் வேண்டும். இரு முகத்துக்கும் தனித்தனி மைக் வைத்துப் பிடித்தால்தான் இடப்பக்கத்தைப் பிறகு தனியாகக் கையாள முடியும். கைப்பேசியில் பிடித்த பதிவிலும், கடையில் வாங்கும் சாம்பிள் தொகுப்பிலும் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும்.

இதற்கு ஸ்டூடியோக்காரர்கள் செய்யும் வழி 'சைடுசெயின்': ஓர் ஓசை எழும்போதெல்லாம் இன்னொன்று தானாகத் தாழும்படி கட்டிவைப்பது. நடன இசையில் வழக்கமாக பேஸ் டிரம்முக்கு மற்றவை எல்லாம் வழிவிடும். உறுமிப் பாட்டில் எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். மென்பொருள் தரும் முன்னமைப்பை அப்படியே விட்டால் உறுமி தாழும், 808 மேலே நிற்கும். பாட்டு உலகில் எங்கு செய்ததுபோலவும் ஒலிக்கும். இணைப்பைத் திருப்பிப் போட்டு, இடக்கைக் குச்சி தேய்க்கத் தொடங்கிய கணத்தில் 808 நான்கைந்து டெசிபல் ஒதுங்கும்படி செய்தால் பத்துமலைச் சாலை பாட்டுக்குள் வந்துவிடும். நான் கேட்ட மலேசியப் பாட்டுகளில் திரும்பக் கேட்கத் தூண்டியவை எல்லாம் இப்படித் திருப்பிப் போட்டவையாகவே ஒலித்தன.